யாருடைய நீர்? – பகுதி 8: மதகு இறங்கிய ஏப்ரல்

சென்ற வாரம் வரை: சிந்து, ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லஜ் என்ற ஆறு நதிகளையும் ஆங்கிலேயப் பொறியாளர்கள் தொண்ணூறு ஆண்டுகளுக்குள் ஒரே பாசன வலையாகப் பின்னிவிட்டார்கள். 1859-இல் ராவியின் மாதோப்பூரில் திறந்த அப்பர் பாரி தோஆப் கால்வாய் தொடக்கம். 1915-க்குள் ஜீலத்தின் தண்ணீர் செனாப்புக்கும், செனாப்பின் தண்ணீர் ராவிக்கும் திருப்பப்பட்டது. 1932-இல் சுக்கூர் தடுப்பணை வந்தது. கடைமடையில் இருந்த சிந்து மாகாணம், மேலே இருக்கும் பஞ்சாப் தன் நீரை இழுத்துக்கொள்கிறது என்று புகார் கொடுத்தது. பி.என்.ராவ் தலைமையிலான ஆணையம் 1942-இல் அறிக்கை தந்தது. ஆறு எந்த மாகாணத்துக்கும் தனிச்சொத்து ஆகாது, நியாயமான பங்கீடுதான் வழி என்றது அந்த அறிக்கை.

அதன் மீது இரு மாகாணங்களும் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நாடு பிளந்தது.

ஐந்து வாரத்தில் ஒரு கோடு

1947 ஜூலை 8-ஆம் தேதி சிரில் ராட்கிளிஃப் இந்தியா வந்து இறங்கினார். வழக்கறிஞர். அதற்கு முன் இந்த மண்ணை மிதித்தவர் அல்லர். எல்லைக் கோட்டை வரைந்து முடிக்க அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம்.

மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் கோடு போடச் சொன்னார்கள். ஆனால் பஞ்சாப் வரைபடத்தை விரித்தவருக்கு மதக் கணக்கைவிடப் பெரிய சிக்கல் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். கோட்டை எங்கே போட்டாலும் ஏதாவது ஒரு கால்வாய் அறுபடும். தலைமதகு ஒரு நாட்டில் நிற்கும். அதன் தண்ணீரைக் குடிக்கும் வயல் இன்னொரு நாட்டில் கிடக்கும்.

கால்வாய்களை மட்டுமாவது இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்தலாமே என்று ராட்கிளிஃப் கேட்டுப்பார்த்ததாகவும், இரு பக்கத் தலைவர்களும் அதை ஏற்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது. அந்த நேரத்தின் கொதிப்பில் வேறு பதிலை எதிர்பார்த்திருக்க முடியாது.

ஆகஸ்ட் 17-ஆம் தேதி தீர்ப்பு வெளியானது. ராவியின் மேல் மாதோப்பூர் தலைமதகு இந்தியாவுக்கு. சட்லஜின் மேல் பெரோஸ்பூர் தலைமதகும் இந்தியாவுக்கு. பெரோஸ்பூர் விஷயத்தில் பாகிஸ்தானுக்கு இன்றுவரை ஆறாத மனக்காயம் உண்டு. ஆகஸ்ட் 8-ஆம் தேதி லாகூருக்கு அனுப்பப்பட்ட முதல்நிலை வரைபடத்தில் பெரோஸ்பூர், ஸீரா தாலுகாக்கள் பாகிஸ்தான் பக்கம் இருந்தன. இறுதித் தீர்ப்பில் அவை இந்தியா பக்கம் வந்திருந்தன.

கோடு போட்டு முடிந்தது. மாதோப்பூரிலிருந்து புறப்படும் கால்வாயின் கீழ்ப்பகுதி லாகூர் வட்டாரத்துக்குள் போனது. பெரோஸ்பூரின் வலது கரையில் பிரியும் தீபால்பூர் கால்வாயின் வயல்களும் எல்லைக்கு அந்தப் பக்கம். இரண்டின் திறவுகோலும் இந்தியா பக்கம் வந்த கிழக்குப் பஞ்சாபின் கையில்.

* * *

நல்லவேளையாக, பொறியாளர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்திருந்தது. ஒரே பாசனத் துறையில் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். 1947 டிசம்பரில் இரண்டு பஞ்சாபின் தலைமைப் பொறியாளர்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: பிரிவினைக்கு முன் எந்தக் கால்வாய்க்கு எவ்வளவு நீர் போனதோ, அப்படியே போகட்டும். பெரிய தலைவர்கள் பேசி முடிவெடுக்கும் வரை இப்படியே ஓட்டுவோம்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு கெடு வைத்தார்கள். 1948 மார்ச் 31.

பிரிவினைச் சொத்துகளைப் பங்கிடுவதற்காக சர் பேட்ரிக் ஸ்பென்ஸ் தலைமையில் அமைந்த நடுவர் மன்றத்தின் ஆயுளும் அதே நாளோடு முடிந்தது. அதாவது, வழக்கைக் கேட்க ஆள் இல்லாமல் போகும் நாளும், ஒப்பந்தம் காலாவதியாகும் நாளும் ஒன்றே. மார்ச் மாதம் முழுக்க அதை நீட்டிக்க யாரும் உரிய நேரத்தில் வேலை பார்க்கவில்லை. நாங்கள் நினைவூட்டினோம், அவர்கள்தான் வரவில்லை என்றது கிழக்கு. வேண்டுமென்றே காத்திருந்தார்கள் என்றது மேற்கு. இரண்டு அரசுகளும் அகதி முகாம்களோடும் காஷ்மீர்ப் போரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

ஏப்ரல் 1

ஷட்டர்கள் இறங்கின.

எல்லைக்கு அந்தப் பக்கம் போன அப்பர் பாரி தோஆப்பின் கிளைகளுக்கும் தீபால்பூர் கால்வாய்க்கும் நீர் நின்றது. குண்டு வெடிக்கவில்லை, படை நகரவில்லை. இரண்டு இடங்களில் சில இரும்புக் கதவுகள் கீழே வந்தன, அவ்வளவுதான்.

அது என்ன செய்தது என்று புரிய, பஞ்சாபின் வாய்க்கால் முறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

கால்வாயின் கரையில் ‘மோகா’ என்று ஒரு சிறிய மதகு இருக்கும். கதவு கிடையாது, திறக்கவும் மூடவும் ஆள் கிடையாது. கால்வாயில் நீர் முழு மட்டத்தில் ஓடினால், அளவெடுத்துக் கட்டிய அந்தத் துவாரத்தின் வழியே கிராமத்துப் பங்கு தானாக வாய்க்காலுக்கு வந்துவிடும். வாய்க்காலுக்கு வந்த நீரை ஊருக்குள் பங்கிட ‘வாரபந்தி’ என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். வாரத்தின் ஏழு நாளையும் மணியாகவும் நிமிடமாகவும் பிரித்து, நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம். பெரிய நிலக்காரருக்குச் சில மணி நேரம், சிறிய நிலக்காரருக்கு நிமிடக் கணக்கு. உங்கள் முறை நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தால், அந்த நேரத்தில் மண்வெட்டியோடு வாய்க்கால் தலைப்பில் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த வாரம்தான்.

ஒவ்வொரு விவசாயியும் ‘ஆபியானா’ என்ற நீர்வரி கட்டினார். அளந்து ஊற்றிய நீருக்கு அல்ல, எந்தப் பயிரை எத்தனை ஏக்கர் விளைவித்தார் என்ற கணக்குக்கு. கால்வாய் ஓடும், முறை வரும், பயிர் விளையும், வரி கட்டுவோம் என்ற நம்பிக்கையின் மேல் அத்தனையும் நின்றது.

கால்வாயின் நீர்மட்டம் இறங்கினால் மோகா வாய்க்காலுக்கு ஒன்றும் தராது. ஒரு மதகு மூடினால் நூற்றுக்கணக்கான கிராமங்களின் முறைப்பட்டியல் அத்தனையும் ஒரே நாளில் செத்துப்போகும். ஏப்ரல் தொடக்கம் என்பது கோதுமை முற்றி அறுவடைக்கு வரும் நேரம். அடுத்து பருத்தி, நெல் என்று காரிஃப் பருவத்துக்கு நிலத்தை நனைத்துத் தயார் செய்ய வேண்டிய நேரம். பாகிஸ்தான் கணக்கில் பாதிக்கப்பட்ட நிலம் 16 லட்சம் ஏக்கருக்கு மேல்.

* * *

ஏன் மூடினார்கள்?

டெல்லிக்கு முன்கூட்டியே தெரியுமா என்பதில் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. கிழக்குப் பஞ்சாப் அரசு தானாக எடுத்த முடிவு என்பதே பெரும்பாலானோர் கருத்து. மாகாண அரசின் இந்தச் செயல் நேருவுக்கு உவப்பாக இல்லை என்பதும் பதிவாகியிருக்கிறது.

கிழக்குப் பஞ்சாபின் தரப்பில் சட்டக் காரணம் ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீரைச் சும்மா விட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு அது மேற்குப் பஞ்சாபின் உரிமை என்று ஆகிவிடும். ஆகவே ஒருமுறை நிறுத்திக் காட்டி, இந்த நீர் எங்களுடையது, நாங்கள் கொடுத்தால்தான் உண்டு என்று பதிவு செய்ய வேண்டும்.

மனிதக் காரணம் அதைவிட வலுவானது. லியால்பூர், மாண்ட்கோமரி கால்வாய்க் காலனிகளில் தலைமுறையாக உழைத்து அந்த மண்ணைப் பொன்னாக்கிய சீக்கிய, இந்து விவசாயக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் கிழக்கே வந்து விழுந்திருந்தன. அவர்கள் விட்டுவந்தது பாசன நிலம். கிடைத்தது பெரும்பாலும் வறண்ட நிலம். ஒன்றுபட்ட வலையில் பாசனம் பெற்ற 2.6 கோடி ஏக்கரில் ஏறத்தாழ 2.1 கோடி ஏக்கர் பாகிஸ்தானுக்குப் போயிருந்தது. நம் கண்முன்னே ஓடும் நீர் நம்மைத் தாண்டி, நம்மை விரட்டிய ஊருக்குப் போகிறதே என்ற கொதிப்பு அந்த முகாம்களில் இல்லாமல் இருந்திருக்காது.

அந்த வலியை உணர்கிறேன். ஆனாலும் அந்த முடிவை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் நள்ளிரவில் தன் முறைக்குக் காத்து நின்றவனும், முகாமில் வந்து விழுந்தவனும் ஒரே கால்வாயின் பிள்ளைகள். உரிமைப் பத்திரம் எழுதுவதற்கு ஒரு பருவத்துப் பயிரை மையாகத் தொட்டுக்கொண்டார்கள். அதற்கான விலையை இரு நாடுகளும் பின்னால் பல மடங்காகக் கட்டின. அந்த ஏப்ரலுக்குப் பிறகு, மேலே இருப்பவன் மதகை மூட மாட்டான் என்ற நம்பிக்கையின் மேல் பாகிஸ்தானின் எந்தப் பொறியாளராலும் ஒரு திட்டமும் போட முடியவில்லை.

நீருக்கு ராயல்டி

ஏப்ரல் மாத நடுவில் இரண்டு பஞ்சாபின் பொறியாளர்களும் சிம்லாவில் கூடி மறுபடி ஒரு தற்காலிக ஏற்பாட்டில் கையெழுத்திட்டார்கள். பாகிஸ்தான் அரசு அதை ஏற்கவில்லை. விவகாரம் டெல்லிக்கு வந்தது.

மே 3, 4 தேதிகளில் பேச்சு. பாகிஸ்தான் தரப்பில் நிதியமைச்சர் குலாம் முகம்மது தலைமையில் குழு வந்தது. இந்தியத் தரப்பில் நேருவே அமர்ந்தார். மே 4-ஆம் தேதி ஓர் அறிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. கால்வாய்களுக்கு மீண்டும் நீர் வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் மையத்தில் இருந்தது பணம்.

கிழக்குப் பஞ்சாப் இரண்டு வகைப் பணம் கேட்டது. ஒன்று, கால்வாயைப் பராமரித்து நீரைக் கொண்டுசேர்க்கும் செலவு. அதில் தகராறு இல்லை. இரண்டாவது, நீருக்கே ஒரு ராயல்டி. சுரங்கத்திலிருந்து எடுக்கும் கனிமத்துக்கு நிலத்தின் உடைமையாளர் பங்கு கேட்பது போல, ஆற்று நீருக்கும் பங்கு. இதற்கு முன்னுதாரணமும் காட்டினார்கள். பிரிவினைக்கு முன் பிகானேர் சமஸ்தானம் சட்லஜ் நீருக்காகப் பஞ்சாபுக்கு இப்படி ஒரு தொகை கட்டி வந்தது.

பாகிஸ்தான் மறுத்தது. பிரிவினையில் கால்வாய்களை மதிப்பிட்டபோது வெறும் செங்கலையும் மண்ணையுமா மதிப்பிட்டீர்கள்? அதில் ஓடும் நீரால் வரும் வருமானத்தையும் சேர்த்துத்தானே மதிப்புப் போட்டீர்கள்? அந்த மதிப்பை எங்கள் கணக்கில் எழுதிய பிறகு நீருக்குத் தனியாக எப்படிக் காசு கேட்பீர்கள்?

என் பார்வையில் இந்தத் தொடரின் நெடுகிலும் வரும் கேள்வியின் கரு இதுதான். நீரைக் கொண்டுவரும் உழைப்புக்கு விலை உண்டு. நீருக்கே விலை உண்டா? உண்டென்றால் அதை வாங்கிக்கொள்ளும் உரிமை யாருக்கு?

மே 4-ஆம் தேதி இதற்கு விடை சொல்லவில்லை, தள்ளிப்போட்டார்கள். தகராறு இல்லாத தொகையைப் பாகிஸ்தான் நேரடியாகக் கட்டும். தகராறான தொகையை, இந்தியப் பிரதமர் குறிக்கும் அளவில், ரிசர்வ் வங்கியில் வைப்பாகப் போட்டுவைக்கும். பாகிஸ்தான் வேறு வழி தேடிக்கொள்ளும் வரை கிழக்குப் பஞ்சாப் நீரைத் திடீரென்று நிறுத்தாது, படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும்.

இந்தியா இதை நிரந்தர ஒப்புதலாகப் படித்தது. பாகிஸ்தான், கழுத்தில் கத்தி இருந்தபோது போட்ட கையெழுத்து என்று படித்தது. 1950-இல் அந்த ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றே அறிவித்துவிட்டது.

* * *

அடுத்த மூன்று ஆண்டுகள் கடிதப் போர்.

மேலே இருப்பவனுக்குத் தன் எல்லைக்குள் ஓடும் நீரின் மீது முழு உரிமை என்பது ஒரு வாதம். 1895-இல் ரியோ கிராண்டே நதியில் மெக்சிகோவுக்கு எதிராக அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன் எழுதிய கருத்தில் அதற்கு வேர் இருந்தது. அதே அமெரிக்கா 1906-இல் மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி நீர் தர ஒப்பந்தம் செய்து, நடைமுறையில் அந்தக் கருத்தைக் கைவிட்டதையும் பார்த்தோம். கீழே இருப்பவன் காலங்காலமாகப் பயன்படுத்தியதே அவனுடைய உரிமை என்பது எதிர் வாதம். காவிரி வழக்கைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இரண்டுமே பழகிய குரல்கள்.

1949-இல் பாகிஸ்தான் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. மூன்றாவது ஆள் வேண்டாம், இரு நாட்டு நீதிபதிகளும் சம எண்ணிக்கையில் அமர்ந்து பேசட்டும் என்றது இந்தியா.

கடிதங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே மண்வெட்டிகளும் வேலை செய்தன. இந்தியா சட்லஜில் பக்ரா அணை வேலையைத் தொடங்கியது. பியாஸ் வந்து சேரும் இடத்துக்குக் கீழே ஹரிகேயில் தடுப்பணை கட்டியது. பாகிஸ்தான் ராவிக்கு மேற்கே இருந்த நீரைக் கிழக்கு வயல்களுக்குக் கொண்டுவர பம்பன்வாலா–ராவி–பேடியன் கால்வாயை அவசரமாக வெட்டியது. 1965 போரில் லாகூரை நோக்கிப் போன இந்தியப் படையைத் தடுத்து நிறுத்திய இச்சோகில் கால்வாய் இதுதான். 1948-இல் மூடிய ஒரு மதகு, 1965-இல் ஓர் அகழியாக எதிரே நின்றது.

வாஷிங்டனிலிருந்து ஒரு விருந்தாளி

1951 பிப்ரவரி. டேவிட் லிலியந்தால் டெல்லிக்கும் கராச்சிக்கும் வந்தார். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக இருந்தவர். ஏழு மாநிலங்களைத் தொட்டு ஓடும் ஒரு நதிப் படுகையை, மாநில எல்லையைப் பார்க்காமல் ஒரே அமைப்பாக நடத்திக் காட்டிய நிறுவனம் அது. அணுசக்தி ஆணையத்துக்கும் தலைவராக இருந்துவிட்டு, அப்போதுதான் அரசுப் பதவியை விட்டிருந்தார்.

ஊர் திரும்பி, ‘கோலியர்ஸ்’ இதழின் ஆகஸ்ட் 4 தேதியிட்ட இதழில் கட்டுரை எழுதினார். காஷ்மீர் இன்னொரு கொரியா ஆகுமோ என்ற கவலையில் தொடங்கிய கட்டுரை, தண்ணீரில் போய் நின்றது. அரசியலால் தீராததைப் பொறியியலால் தொடங்கலாம் என்றார். சிந்துப் படுகையின் நீரில் பெரும்பகுதி யாருக்கும் பயன்படாமல் கடலுக்குப் போகிறது. அதைத் தேக்கினால் இரண்டு பேருக்கும் போதும். இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கி மொத்தப் படுகையையும் ஒன்றாக நடத்தட்டும், உலக வங்கி பணம் கொடுக்கட்டும் என்றார்.

கடலுக்குப் போகும் நீர் வீண் என்ற இந்தக் கணக்கை அன்று யாரும் எதிர்க்கவில்லை. சிந்து கழிமுகத்தின் மீனவர்களையும் அலையாத்திக் காடுகளையும் அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்குத் தனி அத்தியாயம் வேண்டும், வரும். ஆனால் ஆற்றைத் துண்டு போடாமல் ஒன்றாக நடத்தலாம் என்று அந்தக் காலத்தில் உரக்கச் சொன்னவர் என்பதற்காக லிலியந்தாலை நான் மதிக்கிறேன்.

கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் யூஜின் பிளாக். லிலியந்தாலின் நண்பர், உலக வங்கியின் தலைவர்.

பிளாக்குக்கு ஏற்கெனவே இதில் ஒரு தலைவலி இருந்தது. பக்ராவுக்கு இந்தியா கடன் கேட்டிருந்தது, பாகிஸ்தான் ஆட்சேபித்தது. கோட்ரி தடுப்பணைக்குப் பாகிஸ்தான் கடன் கேட்டது, இந்தியா ஆட்சேபித்தது. யாருடையது என்று தெரியாத நீரின் மேல் கட்டும் அணைக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது.

1951 செப்டம்பரில் பிளாக் இரண்டு பிரதமர்களுக்கும் எழுதினார். பழைய வழக்கையும் உரிமைப் பேச்சையும் ஓரமாக வையுங்கள். படுகையை ஒரே அலகாக எடுத்துக்கொண்டு உங்கள் பொறியாளர்கள் எங்கள் பொறியாளருடன் உட்காரட்டும். அந்த மாதமே இருவரும் சம்மதித்தார்கள். அடுத்த மாதம், அக்டோபர் 16-ஆம் தேதி, ராவல்பிண்டியில் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கான் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

119-ம் 118-ம்

1952 மே மாதம் வாஷிங்டனில் மூன்று குழுக்கள் கூடின. இந்தியாவுக்கு ஏ.என்.கோஸ்லா, பாகிஸ்தானுக்கு எம்.ஏ.ஹமீத், வங்கிக்கு ஜெனரல் ரேமண்ட் வீலர். கோஸ்லாவுக்குப் பிறகு இந்தியத் தரப்பில் என்.டி.குல்ஹாத்தி பொறுப்பேற்றார். வாஷிங்டனுக்குப் பின் கராச்சி, டெல்லி என்று இடம் மாறி மாறிக் கூடினார்கள். நீரோட்டப் பதிவுகளைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒரே படுகைக்கு ஒரே திட்டம் வரும் என்று காத்திருந்தது வங்கி. வரவில்லை. கடைசியில் ஆளுக்கொரு திட்டம் தாருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1953 அக்டோபர் 6-ஆம் தேதி இரண்டு திட்டங்கள் மேசைக்கு வந்தன.

கணக்கைப் பாருங்கள். அலகு மில்லியன் ஏக்கர் அடி; ஒன்று என்பது நமக்குப் பழக்கமான கணக்கில் ஏறத்தாழ 43.5 டி.எம்.சி.

பயன்படுத்தத்தக்க நீர் மொத்தம் 119 என்றது இந்தியா. 118 என்றது பாகிஸ்தான். ஆறு நதிகளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்று.

பங்கு? இந்தியாவுக்கு 29, பாகிஸ்தானுக்கு 90 என்றது இந்தியா. இந்தியாவுக்கு 15.5, எங்களுக்கு 102.5 என்றது பாகிஸ்தான். இடைவெளி 13.5. அதாவது கிட்டத்தட்ட 590 டி.எம்.சி. நம் மேட்டூர் அணையை ஆறு முறை நிரப்பினாலும் மிச்சம் இருக்கும்.

அடுத்தடுத்த பேச்சில் இரு தரப்பும் கொஞ்சம் இறங்கின. ராவி, பியாஸ், சட்லஜ் என்ற கிழக்கு ஆறுகள் மூன்றும் முழுக்க எங்களுக்கு, மேற்கு ஆறுகளில் 7 சதவீதம் மட்டும் போதும் என்றது இந்தியா. கிழக்கு ஆறுகளில் 30 சதவீதம் தருகிறோம், மேற்கில் ஒரு சொட்டும் கிடையாது என்றது பாகிஸ்தான்.

இந்த வரிகளை மறுபடி படித்தால் ஒன்று புலப்படும். கணக்கு இன்னும் அளவைப் பற்றியது போலத் தோன்றினாலும், பேச்சு ஆறுகளின் பெயர்களுக்கு மாறிவிட்டது. கிழக்கு உனக்கு, மேற்கு எனக்கு.

1954 பிப்ரவரி 5

வீலர் படையில் பொறியாளராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் பாதை போட்ட அனுபவம் அவருக்கு உண்டு. அவர் பிரதிநிதியாக இருந்த வங்கி, பிப்ரவரி 5 அன்று தன் பெயரில் இரு தரப்புக்கும் கொடுத்த யோசனை சில வாக்கியங்களில் அடங்கும்.

ராவி, பியாஸ், சட்லஜ் ஆகிய மூன்று கிழக்கு ஆறுகளும் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மூன்று மேற்கு ஆறுகளும் பாகிஸ்தானுக்கு. காஷ்மீரில் உள்ள சிறு பயன்பாடு மட்டும் விலக்கு. கணக்கில் இந்தியாவுக்கு 22, பாகிஸ்தானுக்கு 97.

22 என்பது 29-க்கும் 15.5-க்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில் விழுகிறது. எத்தனையோ மாதம் நீரோட்டத்தை அளந்து, மண்ணை ஆராய்ந்து, கடைசியில் வந்து நின்ற எண், பேரத்தில் இருவரையும் சமாதானப்படுத்தும் எண்ணாக இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆறு ஆண்டுப் பகைக்குப் பின் அதுவே பெரிய காரியம்.

குறை என்று நான் நினைப்பது வேறு. படுகையை ஒரே அலகாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிளாக் எழுதிய கடிதத்தில்தான் எல்லாம் தொடங்கியது. இரண்டரை ஆண்டு கழித்து அதே வங்கி படுகையை இரண்டாக அறுத்துக் கொடுத்தது. கூட்டாக நடத்துவது சிறந்தது என்று வங்கியின் பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனால் தன் பயிருக்கான மதகு அடுத்த நாட்டின் கையில் இருப்பதை இனி எந்தத் தரப்பும் ஏற்காது என்பதும் தெரியும். பகிர்ந்து நடத்த நம்பிக்கை வேண்டும். அது ஏப்ரல் 1-ஆம் தேதி மாதோப்பூரிலும் பெரோஸ்பூரிலும் போய்விட்டிருந்தது. பிரித்துக்கொள்ளப் பணம் போதும்.

மார்ச் மாதத்தில் இந்தியா அடிப்படையில் சம்மதம் என்றது. பாகிஸ்தான் தயங்கியது. ஜூலை 8-ஆம் தேதி நேரு நங்கலில் பக்ரா கால்வாய்களைத் திறந்துவைத்தார். சட்லஜ் நீர் கிழக்குப் பஞ்சாபின் வறண்ட மண்ணுக்குள் பாய்ந்தது. அதே மாத இறுதியில் பாகிஸ்தான், நிபந்தனைகளோடு, வங்கியின் யோசனையைப் பேச்சுக்கு அடிப்படையாக ஏற்றது.

ஆனால் கராச்சியின் பொறியாளர்கள் ஒரு கேள்வியை விடவில்லை. அது நியாயமான கேள்வி.

தீபால்பூர் கால்வாயின் வயல்களும், பாரி தோஆபின் வயல்களும், சட்லஜ் கரையின் வயல்களும் பிறந்ததிலிருந்து கிழக்கு ஆறுகளின் நீரில் வளர்ந்தவை. அந்த நீர் இனி இந்தியாவுக்கு என்றால், ஜீலத்திலிருந்தும் செனாப்பிலிருந்தும் பெரிய இணைப்புக் கால்வாய்கள் வெட்டி, வழியில் உள்ள ஆறுகளைத் தாண்டி, அங்கே நீரைக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் மேற்கு ஆறுகளில் வேண்டிய நேரத்தில் நீர் ஓடாது. பனி உருகியும் மழை பெய்தும் சில மாதங்களில் பொங்கிவிட்டு, ராபி என்ற குளிர்காலப் பருவத்தில் மெலிந்து போகும். கோதுமை கேட்கும் நேரத்துக்கு நீர் இருக்க வேண்டுமானால் மலைவாயில் பெரும் அணைகள் கட்டித் தேக்க வேண்டும். வங்கியின் 1954 திட்டத்தில் இணைப்புக் கால்வாய்கள் இருந்தன. அணை எதுவும் இல்லை.

இணைப்புக் கால்வாய்களுக்கு இந்தியா பணம் தர வேண்டும் என்றது வங்கி. அணைகளுக்கும் நாங்கள் தர முடியாது, பயன் அடைவது நீங்கள்தானே என்றது டெல்லி. எங்கள் ஆற்றை எடுத்துக்கொண்டு எங்கள் செலவில் இன்னோர் ஆறு செய்யச் சொல்கிறீர்களா என்றது கராச்சி. இரண்டு நாடுகளின் கருவூலத்திலும் அவ்வளவு பணம் கிடையாது.

ஒரு நதியின் இடத்தில் இன்னொரு நதியைக் கட்டித் தர எவ்வளவு ஆகும்? அந்தப் பணத்தை வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த ஒரு வங்கித் தலைவர் யாருடைய பைகளிலிருந்து எடுக்கப் போகிறார்?

(தொடரும்)